உதிராத கதிரும் உதிரி நெல்லும்

தோழர்களுக்கு,

இதழ் இரண்டு மாதம் பிந்தி வருகிறது. வழக்கமான காரணங்கள்தான்: காகித விலை, வராத சந்தா, அச்சகத்தில் பழைய பாக்கி. இந்த முறை இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. தலையங்கம் எழுத உட்கார்ந்தவன் ஒரு கேள்வியில் மாட்டிக்கொண்டேன். கேட்டவர் எழுத்தாளரும் இல்லை, ஆய்வாளரும் இல்லை. பெரம்பலூர்ப் பக்கம் நான் எழுத்தராக வேலை பார்க்கும் வங்கிக் கிளைக்குப் பயிர்க்கடன் கேட்டு வந்த ஒரு அக்கா.

ஒண்ணரை ஏக்கர் கரிசல். ஊர்த்தெருக்காரர் ஒருவருடைய நிலம். அவர் திருச்சியில் குடியேறிப் பல வருஷமாகிறது. மானாவாரியாக மக்காச்சோளம் போடுவது, களையெடுப்பது, மருந்தடிப்பது, கதிரொடிப்பது எல்லாம் இந்த அக்காவும் அவர் மகளும். விளைச்சலில் பாதி திருச்சிக்குப் போய்விடும். எழுத்து கிடையாது, வாய்ப்பேச்சுதான். சிட்டா அவர் பேரில். அடங்கலில் சாகுபடி செய்பவர் என்கிற இடத்திலும் அவர் பேர்தான். விண்ணப்பத்தில் ‘தொழில்’ என்ற இடம் வந்தது. கொஞ்சம் யோசித்துவிட்டு ‘விவசாயக் கூலி’ என்று எழுதினேன். “என்னா தம்பி எழுதுன?” என்றார். சொன்னேன். “வெள்ளாம பண்றது நானு. அந்தாளுக்கு வரப்பு எந்தப் பக்கம் இருக்குன்னே மறந்துபோயிருக்கும். அவரு விவசாயி, நான் கூலியா?”

விதிப்படி அவர் கேட்டது நியாயம். கிசான் கடன் அட்டைத் திட்டத்தில் குத்தகைதாரர், வாய்மொழிக் குத்தகைதாரர், வாரத்துக்குப் பயிர் வைப்பவர் எல்லாரும் தகுதியானவர்கள் என்று அச்சடித்தே வைத்திருக்கிறார்கள். 2025 ஜனவரி முதல் 2 லட்சம் ரூபாய் வரை விவசாயக் கடனுக்குப் பிணையம் கேட்கக் கூடாது என்பதும் ரிசர்வ் வங்கி உத்தரவு. ஆனால் கவுண்டரில் விழுகிற முதல் கேள்வி “சிட்டா அடங்கல் இருக்கா?” என்பதுதான். அந்தக் கேள்வியைக் கேட்கிற வாய் என்னுடையது. காலனித் தெருவில் பிறந்து, படித்து, இடஒதுக்கீட்டில் அந்த நாற்காலிக்கு வந்து சேர்ந்தவனுடைய வாய். அக்காவுக்குக் கடன் கிடைக்கவில்லை. மகளிர் குழுவில் வாங்கிச் சமாளித்தார், வட்டி கூடுதல்.

வெள்ளாமை பண்றவர் யார்? இதை வங்கிக் கேள்வியாக மட்டும் விட்டுவிட முடியவில்லை. வேளாண்மை எங்கே தொடங்கியது, எப்படிப் பரவியது, செய்கிற கை ஒன்றாகவும் பேர் இன்னொன்றாகவும் எந்த இடத்தில் பிரிந்தது என்று கிடைத்ததையெல்லாம் படிக்கத் தொடங்கினேன். மாணவத் தோழர்களுக்கு இதில் வேறொரு அக்கறையும் இருக்க வேண்டும். 2025 ஜனவரி 23 அன்று சிவகளை இரும்பின் காலம் கி.மு. 3345 வரை போகிறது என்று தமிழக அரசு அறிவித்தபோது நம் வாசகர் வட்டத்தில் கைதட்டல் ஓய நேரமாயிற்று. அதற்கு முன் 2021-இல் அதே சிவகளைத் தாழியில் கிடைத்த நெல்லுமிக்குக் கி.மு. 1155 என்று காலம் சொன்னார்கள். பழனிப் பக்கம் பொருந்தலில், பேராசிரியர் கா.ராஜன் தோண்டியெடுத்த கல்லறையில், தமிழி எழுத்துப் பொறித்த சாமானோடு இருந்த நெல்லுக்குக் கி.மு. 490. நானும் கைதட்டியவன்தான். தட்டி முடித்த பிறகு, அந்த நெல்லை நட்டவர் எந்தத் தெருவில் இருந்தார் என்று கேட்டால் கூட்டத்தில் முகங்கள் சுருங்குகின்றன. ஏன் தோழர்களே?

முதலில் தொடக்கம்.

வேளாண்மையை ஒரு ராஜாவோ முனிவரோ கண்டுபிடித்துக் கொடுக்கவில்லை. ஒரே இடத்தில் தோன்றி உலகுக்கெல்லாம் பரவியதும் இல்லை. மேற்காசியாவில் கோதுமையும் பார்லியும், யாங்சி ஆற்றுப் படுகையில் நெல்லும், மெக்சிகோவில் மக்காச்சோளமும், ஆண்டிஸ் மலையில் உருளைக்கிழங்கும், நியூகினியில் வாழையும் சேம்பும், ஆப்பிரிக்காவில் கம்பும் சோளமும் என்று, ஒருவரை ஒருவர் கண்டேயிராத மனிதர்கள் தனித்தனியாகச் செய்தது. மேற்காசியாவில் தொடங்கி இன்றைக்குப் பதினோராயிரத்துச் சொச்சம் ஆண்டு ஆகிறது. இதற்குப் ‘புதிய கற்காலப் புரட்சி’ என்று பேர் வைத்தவர் கார்டன் சைல்டு. புரட்சி என்றதும் நமக்கு ஓரிரவில் நடந்ததாகத் தோன்றும். காட்டுத் தாவரம் முழுப் பயிராக மாற ஆயிரம், இரண்டாயிரம், சில இடங்களில் மூவாயிரம் ஆண்டுகள் பிடித்திருக்கின்றன.

அந்த மாற்றத்தின் மையமான விஷயம் மிகச் சின்னது. காட்டுப் புல்லின் கதிர் முற்றியதும் உதிர்ந்துவிடும். உதிர்ந்தால்தான் அடுத்த மழைக்கு முளைக்கும், அது புல்லின் பிழைப்பு. ஆயிரத்தில் ஒரு செடியில் மட்டும், பிறவிக் கோளாறு மாதிரி, முற்றினாலும் மணி உதிராது. காட்டில் அந்தச் செடிக்கு வம்சம் கிடையாது. அரிவாளோடு ஒரு கை வந்ததும் கதை திரும்புகிறது. உதிர்கிற மணி தரையில் போகிறது, உதிராத கதிர் அரியோடு வீட்டுக்கு வருகிறது. வீட்டுக்கு வந்ததே அடுத்த பருவத்துக்கு விதையாகிறது. அறுத்துக் கட்டி, எடுத்து வைத்து, மறுபடி விதைத்த கைகள் தலைமுறை தலைமுறையாகச் செய்த இந்தத் தெரிவில்தான் கோதுமையும் நெல்லும் மனிதரை விட்டால் பிழைக்க முடியாத பயிர்களாயின.

அந்தக் கை யாருடையது? உணவு சேகரித்துத் திரிந்த குழுக்களில் புல்லரிசி அரித்தது பெரும்பாலும் பெண்கள் என்கிறார்கள். எலும்பும் ஒரு சாட்சி வைத்திருக்கிறது. சிரியாவில் அபு ஹுரைரா என்கிற பழைய ஊரில் புதைந்திருந்த பெண்களின் எலும்புகளைத் தெயா மாலசன் என்கிற ஆய்வாளர் பார்த்தார். கால் கட்டைவிரல் மூட்டும் முழங்காலும் முதுகெலும்பும் தேய்ந்து திரிந்திருந்தன. முட்டி போட்டு, கால்விரலை ஊன்றி, நாள் முழுக்கக் கல்லில் தானியம் அரைத்ததால் வந்த தேய்மானம். அதைப் படித்தபோது என் அப்பாயியின் கால்விரல்கள் ஞாபகத்துக்கு வந்தன. வரகு திரித்துத் திரித்து அவள் இடது தோள் எப்போதும் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். வரகின் உமி ஒன்றல்ல, ஏழு என்பாள். நான் எண்ணிப் பார்த்ததில்லை. திருகையில் போட்டு, உரலில் குத்தி, முறத்தில் புடைத்து, பிறகும் ஒரு தரம் குத்தினால்தான் அரிசி. அந்த வீட்டில் நெல்லுச்சோறு தீபாவளிக்கு.

அப்பாயி செய்த இன்னொரு காரியத்தையும் சொல்ல வேண்டும். ஊர்க்காரர் கொல்லையில் அறுப்புக்குப் போவதற்கு முன்னால், திடமான, ஒரே சீராக முற்றிய கதிர்களைப் பார்த்துப் பார்த்து அவள்தான் ஒடிப்பாள். அது விதைக்கதிர். சாம்பல் கலந்து, சுரைக்குடுக்கையில் போட்டு, வாயைச் சாணியால் அடைத்துக் கொடுப்பாள். கொல்லைக்காரர் வீட்டுத் திண்ணை வரைக்கும்தான் அவளுக்கு அனுமதி. அவள் தொட்டு எடுத்த விதை உள்வீட்டுக்குப் போகும். பதினோராயிரம் ஆண்டு வேலையின் நேரடி வாரிசு என்று அவளைச் சொல்வதில் எனக்கு எந்தக் கூச்சமும் இல்லை.

நம் தெற்கு இந்தப் பட்டியலில் எங்கே இருக்கிறது? பள்ளிப் பாடத்தில் மெசபடோமியாவுக்கும் சிந்துவெளிக்கும் பிறகு நேராகக் கல்லணைக்கு வந்துவிடுகிறார்கள். இடையில் இருப்பது பெரிய கதை. இன்றைய கர்நாடகம், ஆந்திரப் பகுதிகளில் சாம்பல்மேடுகள் இருக்கின்றன. ஏதோ அசுரனின் எலும்புச் சாம்பல் என்று வெகுநாள் கதை சொல்லிக்கொண்டிருந்தார்கள். மாட்டுப்பட்டியில் மலைபோல் குவிந்த சாணத்தைத் திரும்பத் திரும்பக் கொளுத்தியதால் உண்டானவை என்பதை ஊட்நூரில் தோண்டிக் காட்டியவர் ஆல்ச்சின். சுமார் 5000 ஆண்டுகளுக்கு முன் தொடங்கும் அந்தக் காலத்து மக்கள் மாடு வளர்த்தார்கள், மாடு தின்றார்கள், கூடவே பயிரும் வைத்தார்கள். என்ன பயிர் என்று டோரியன் ஃபுல்லர் போன்ற தாவரத் தொல்லியலாளர்கள் கருகிய மணிகளைச் சலித்தெடுத்துச் சொல்லியிருக்கிறார்கள்: குலசாமை, தினையின் உறவுக்காரப் புல் ஒன்று, கொள்ளு, பச்சைப்பயறு. கோதுமையும் பார்லியும் வடக்கிலிருந்து வந்தது பிறகு. ஆக, தக்காணத்தில் தொடக்கத்தில் விளைந்தது இந்த மண்ணின் புல்லும் கொடியும்தான். நமக்கு இன்னும் கிட்டத்தில், இப்போது திருப்பத்தூர் மாவட்டத்தில் இருக்கும் பையம்பள்ளியில், 1960-களில் நடந்த அகழாய்வில் கருகிய கொள்ளும் பச்சைப்பயறும் கிடைத்தன. மாட்டுக்கறியும் கொள்ளும். எந்தத் தெருவின் சமையல் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பிறகு வந்து சேர்ந்தவை ஆப்பிரிக்காவின் கொடை. சுமார் 4500 ஆண்டுகளுக்கு முன் இன்றைய மாலி நாட்டில் பயிரான கம்பு, கிழக்குச் சூடானில் 5000 ஆண்டுகளுக்கு முன்பே பயிராகத் தொடங்கிய சோளம், கிழக்காப்பிரிக்க மேட்டு நிலத்துக் கேழ்வரகு, மூன்றும் அரபிக்கடல் தாண்டி வந்து நம் புன்செய்யில் ஊன்றிக்கொண்டன. எந்தப் படையும் கொண்டுவரவில்லை, எந்த மெய்க்கீர்த்தியிலும் இல்லை. சின்னப் படகுக்காரரும் மாடு மேய்ப்பவரும் கைமாற்றிக் கைமாற்றி வந்திருக்க வேண்டும். கரிய ஆப்பிரிக்கக் கைகள் தெரிந்தெடுத்த மணியைத்தான் வேப்பந்தட்டையிலும் செந்துறையிலும் களி கிண்டித் தின்று நாம் உயிர் வைத்திருந்தோம். பெரம்பலூர்க் கரிசல், அரியலூர்ச் செம்மண், வானத்தை நம்பிய வெள்ளாமை. இங்கே வரகும் சோளமும் கம்பும் கொள்ளும்தான் வாழ்க்கை.

நெல்லோ தனி உலகம். நெல் நீர் கேட்கும். நீர் ஏரி கேட்கும், வாய்க்கால் கேட்கும், மடை திறக்க ஆள் கேட்கும். நாற்று விட, பறிக்க, நட, களை எடுக்க, அறுக்க என்று குறித்த நாளில் குறித்த வேலைக்குக் குனிந்த முதுகுகளை வரிசையாகக் கேட்கும். இன்னொரு குணமும் உண்டு. நிலத்துக்கு மேலே, எல்லாருக்கும் தெரிய, ஒரே நேரத்தில் முற்றும். மரக்காலில் அளக்கலாம், களஞ்சியத்தில் வருஷக்கணக்கில் வைக்கலாம். வரி வாங்குகிறவனுக்கு இதைவிட வசதி ஏது? கிழங்கை மண்ணுக்குள் ஒளிக்கலாம், சாமையை மலைச்சரிவில் ஆளுக்கொரு நாள் அறுக்கலாம். நெல்லை ஒளிக்க முடியாது. அரசுகள் ஏன் தானிய வெளிகளிலேயே எழுந்தன என்பதற்கு ஜேம்ஸ் ஸ்காட் 2017-இல் எழுதிய நூலில் சொல்கிற காரணமும் இதுதான்.

எங்கள் மாவட்டத்தில் அதற்கு உதாரணம் தேடி அலைய வேண்டாம். கங்கைகொண்டசோழபுரம் அரியலூர் மாவட்டம். 2025 ஜூலையில் அங்கே ராசேந்திரனுக்குப் பெருவிழா எடுத்தார்கள், பிரதமரே வந்தார், நாணயம் வெளியிட்டார்கள். கங்கை நீரைக் கொண்டுவந்து அவன் வெட்டிய சோழகங்கம் என்னும் ஏரியை, வெற்றியின் நீர்த்தூண் என்று திருவாலங்காட்டுச் செப்பேடு புகழ்கிறது. இன்று பொன்னேரி என்கிறோம். கரை மைல்கணக்கில் போகிறது. ஒரு மாலை அந்தக் கரைமேல் நடந்தபோது, இத்தனை மண்ணையும் கூடையில் எடுத்துக் கொட்டிய தலைகள் எத்தனை என்று கணக்குப் போட்டேன். வங்கிக்காரன் புத்தி. கணக்கு நிற்கவில்லை. செப்பேட்டில் அந்தத் தலைகளுக்கு ஒரு வரி இல்லை.

ஆனால் வேறோர் இடத்தில் நாம் இருக்கிறோம். ராசேந்திரனின் அப்பன் ராசராசன் கட்டிய தஞ்சைப் பெரிய கோயிலில், ஊர் ஊராக எந்த நிலத்துக்கு வரி, எதற்கு இல்லை என்று வெட்டிவைத்த கல்வெட்டுகள் இருக்கின்றன. வரி இல்லாதவற்றின் வரிசையில் ஊர்நத்தம், கோயில், குளம், வாய்க்கால், பறைச்சேரி, கம்மாளர் சேரி, சுடுகாடு என்று வருகிறது. சில ஊர்களில் தீண்டாச்சேரி என்றே பேர். சப்பானிய அறிஞர் நொபொரு கராஷிமா இதை எடுத்துக்காட்டி, பதினோராம் நூற்றாண்டுத் தொடக்கத்திலேயே தீண்டாமை ஊரின் வரைபடத்தில் ஏறிவிட்டது என்று எழுதினார். சேரி என்ற சொல் மட்டுமே அன்றைக்கு இழிவில்லை. பிராமணர் குடியிருப்பையும் சேரி என்றுதான் கல்வெட்டு சொல்லும். நம் சேரிக்கு முன்னால் ஒட்டிய சொல்தான் பிரச்சினை. அதே கல்வெட்டுகளில் ‘உழப்பறையர்’ என்றும் ஒரு சொல் வருகிறது. உழுகிற பறையர். தொழில் இன்னதென்று கல்லே எழுதிவிட்டது. உழுகிறவர் என்று ஆயிரம் ஆண்டுக்கு முன் ஒத்துக்கொண்ட அரசுக் கணக்கு, இன்று என் மேசைக்கு வரும்போது கூலி என்கிறது!

இங்கே ஓர் எச்சரிக்கை, குறிப்பாக மார்க்சியம் படிக்கிற தம்பிகளுக்கு. நெல் வந்தது, உபரி வந்தது, ஆகவே சாதி வந்தது என்று நேர்க்கோடு போட்டுவிடாதீர்கள். ஜாவாவிலும்தான் நெல் விளைந்தது, ராஜாவும் களஞ்சியமும் இருந்தன, தீண்டாச்சேரி எழவில்லை. உபரியைப் பறிக்க உலகெங்கும் அடி இருந்தது, சாட்டை இருந்தது. பறிகொடுப்பவனைத் தொட்டால் தீட்டு என்று சொல்ல இங்கே ஒரு தத்துவம் தேவைப்பட்டது, அதைப் பார்ப்பனியம் கொடுத்தது. உழவே பாவம், இரும்புமுனைக் கலப்பை மண்ணையும் அதிலுள்ள உயிர்களையும் குத்துகிறது என்றது மனு. நம் தமிழ் அறநூல்களோ உழவைத் தலைமேல் தூக்கிவைத்துப் பாடின. பாவம் என்றவனும் பாடிப் புகழ்ந்தவனும் உழுகிறவன் கையில் ஒரு குழி நிலம் கொடுக்கவில்லை என்பதில் ஒற்றுமை.

பள்ளு நூல்களைப் படியுங்கள். முக்கூடற்பள்ளில் நெல் வகைகளின் பேர் வரிசை வரிசையாக வரும். மாட்டு வகை, மீன் வகை, மழைக்குறி எல்லாம் வரும். அத்தனை அறிவும் பள்ளனுக்கும் பள்ளிகளுக்கும் உரியதாகவே நூல் வைத்திருக்கிறது. அதே பள்ளனைப் பண்ணைக்காரன் தொழுவில் மாட்டுகிற காட்சியும் அதே நூலில் உண்டு. சிரித்துக்கொண்டே படிப்பதற்காக எழுதியிருக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வெள்ளைக்காரன் வந்தபிறகு பட்டா வந்தது. கல்லில் இருந்தது காகிதத்துக்கு மாறியது. செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த டிரமன்ஹீர், நிலமில்லாத பறையரின் நிலைமையைப் பற்றி எழுதிய அறிக்கையின்பேரில் 1892-இல் பஞ்சமி நில ஆணை பிறந்தது. மாகாணம் முழுக்க 12 லட்சம் ஏக்கர் என்பது இயக்கங்கள் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. அவற்றைப் பிறர் வாங்கினால் செல்லாது என்கிற நிபந்தனை இருந்தும் எப்படிக் கைமாறின என்பது உங்களுக்குத் தெரியும். காரணையில் அந்த நிலத்தைத் திரும்பக் கேட்ட போராட்டத்தில்தான் 1994 அக்டோபரில் ஜான் தாமசும் ஏழுமலையும் போலீஸ் துப்பாக்கிக்குப் பலியானார்கள். வெண்மணியில் 1968 டிசம்பர் 25 இரவில் 44 பேரைக் குடிசையில் அடைத்து எரித்ததற்கு முன்னாலிருந்த வழக்கும் களத்தில் அளக்கும் நெல்லில் கூட்டிக் கேட்ட அரைப்படிதான். உதிராத கதிரைக் கண்டெடுத்த கைக்குக் களத்தில் உரிமையானது உதிரி நெல். அறுப்பு முடிந்த வயலில் குனிந்து பொறுக்கிச் சேர்த்தால் ஒரு வேளைக் கஞ்சி. என் அம்மா திருமானூர்ப் பக்கம் கொள்ளிடக் கரைக்கு அறுப்புக்குப் போய்வந்த நாட்களில் மடியில் கட்டிக்கொண்டு வருவாள். இப்போது அறுப்பு எந்திரம் வந்துவிட்டது. அந்த வேலையும் போயிற்று, உதிரியும் போயிற்று.

இனி நம் காலத்துக்கு. 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி தமிழ்நாட்டில் ‘சாகுபடி செய்வோர்’ 42 லட்சம், ‘விவசாயக் கூலிகள்’ 96 லட்சம். இந்த 96 லட்சத்தில் என் மேசைக்கு எதிரே நின்ற அக்கா மாதிரி எத்தனை பேர் என்று அந்தக் கணக்குச் சொல்லாது. பெரம்பலூர் மாவட்டத்தில் மக்கள்தொகையில் நாம் 31 சதவீதம். 2021-இல் கூட்டுறவுப் பயிர்க்கடன் 12,110 கோடி தள்ளுபடி ஆனது, பயன்பெற்றவர் 16 லட்சத்துக்கு மேல். கடன் வாங்கியவருக்குத்தானே தள்ளுபடி. 2019 முதல் வருஷத்துக்கு 6000 ரூபாய் கொடுக்கும் பிரதமர் கிசான் திட்டம் தன் பேரிலேயே விவசாயியை வைத்திருக்கிறது, தகுதியில் நில உடைமையை வைத்திருக்கிறது.

வேடிக்கை என்னவென்றால், நாட்டில் விவசாயிக்கு ஒழுங்கான விளக்கம் இல்லாமல் இல்லை. சுவாமிநாதன் குழு அறிக்கைக்குப் பிறகு 2007-இல் வந்த தேசிய உழவர் கொள்கை, கூலித் தொழிலாளர், வாரதாரர், குத்தகைதாரர் எல்லாரையும் விவசாயி என்ற சொல்லுக்குள் சேர்த்திருக்கிறது. கொள்கைதானே, சட்டமில்லையே. சட்டம் என்று பார்த்தால் 2001-ஆம் ஆண்டுப் பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம் இருக்கிறது. தானே உழுது பயிரிடுபவர் விவசாயி என்கிறது, சரி. அடுத்த வரியிலேயே, பிறரைக் கொண்டு செய்யும் சாகுபடியை நேரில் மேற்பார்ப்பவரும் விவசாயி என்கிறது. குடை பிடித்து வரப்பில் நின்றவரைச் சட்டம் மறக்கவில்லை. ஆனால் மூன்றாவதாக ஒன்று சொல்கிறது: பாரம்பரிய ரகத்தைக் காத்து வைத்திருப்பவரும் விவசாயி. அப்படிப் பார்த்தால் சுரைக்குடுக்கைக்காரி என் அப்பாயி சட்டப்படியே விவசாயி. அவள் செத்தது சட்டம் வருவதற்கு மூன்று வருஷம் முன்னால்.

அந்தச் சுரைக்குடுக்கையும் இப்போது இல்லை. தொண்ணூறுகளின் கடைசியிலிருந்து எங்கள் கொல்லைகளில் வரகும் சோளமும் ஒதுங்கி மக்காச்சோளம் ஏறியது. நாமக்கல் கோழிக்குத் தீவனம். இன்று தமிழ்நாட்டில் மக்காச்சோளத்துக்கு முன்வரிசை மாவட்டம் பெரம்பலூர். மெக்சிகோவின் பல்சாஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கில் தியோசிந்தே என்னும் ஒரு காட்டுப்புல்லை 9000 ஆண்டுகளுக்கு முன் அந்நாட்டுப் பழங்குடிகள் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றியெடுத்த பயிர் அது. புல்லில் விரல்நீளத்துக்கு ஏழெட்டு மணி, அதைக் கையளவுக் கதிராக்கியது அவர்கள். அவர்கள் நிலத்தையும் வெள்ளையர் பறித்தார்கள். விதை கடல் கடந்தது. நமக்கு வந்து சேர்வது கம்பெனிப் பொட்டலத்தில் வீரிய ஒட்டு ரகமாக. அதில் விதைக்கதிர் எடுக்க முடியாது, எடுத்துப் போட்டால் அடுத்த வருஷம் குணம் சிதறிவிடும். அரிவாளும் கண்ணும் பதினோராயிரம் ஆண்டு செய்துவந்த தெரிவு நம் கையைவிட்டுப் போனது இந்த இடத்தில். ஒவ்வொரு பட்டத்துக்கும் பொட்டலம் வாங்க வேண்டும், வாங்கக் கடன் வேண்டும், கடனுக்குச் சிட்டா வேண்டும்.

2018-இல் அதே அமெரிக்கக் கண்டத்திலிருந்து, மக்காச்சோளத்தின் பழைய எதிரியான படைப்புழுவும் ஆப்பிரிக்கா வழியாக வந்து சேர்ந்தது. அந்த வருஷம் குருத்துக்குள் புழுவும் பிட்டுமாய்க் கொல்லை கொல்லையாகப் போனது. நிவாரணம் வந்தது. நான் பார்த்தவரை வந்து விழுந்தது நிலத்துக்காரர் கணக்கில். மருந்து தெளித்துக் கண்ணெரிச்சலோடு அலைந்தவர்கள் என் கவுண்டரில் பணம் எடுக்கவில்லை.

நிலமும்கூட நிற்கவில்லை. அரியலூர் ஒரு காலத்தில் கடல். அந்தக் கடல் விட்டுச்சென்ற சுண்ணாம்புக்கல்லைத் தோண்டி சிமெண்ட் ஆலைகள். 2020-இல் குன்னத்துப் பக்கம் ஏரியில் உருண்டைக் கற்கள் கிடைத்து, டைனோசர் முட்டை என்று ஊரே திரண்டது. பிறகு பார்த்தால் பழைய கடல் உயிரின் படிவம். பத்துக் கோடி ஆண்டுப் பழமைக்கு ஆயிரம் பேர் கூடுகிறார்கள். சுரங்கத்துக்குப் போன கொல்லையில் எத்தனை வீட்டுப் பெண்கள் களையெடுத்தார்கள் என்று கேட்க ஒருவரும் கூடியதில்லை. இழப்பீடு பட்டாவுக்கு. களைக்கொத்துக்கு எதுவும் கிடையாது.

இதற்கு நடுவில் 2023-ஐச் சிறுதானிய ஆண்டு என்று ஐ.நா. அறிவித்தது. பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்திலேயே வரகரிசிப் பொட்டலம் அழகாக விற்கிறது, ரேஷன் அரிசி வாங்கும் எங்கள் தெருவுக்குக் கட்டாத விலை. களி தின்கிற பயல் என்று பள்ளிக்கூடத்தில் என்னைச் சொன்னவன் இப்போது சர்க்கரை வியாதிக்கு வரகுச்சோறு தின்கிறான். தின்னட்டும், நல்ல சாப்பாடுதான். ‘பாரம்பரிய உணவு’ என்று அட்டையில் போடுகிறார்களே, யார் பாரம்பரியம் என்று ஒரு வரி சேர்த்துப் போடலாம்.

நம்மவர்களிடமும் ஒரு வார்த்தை. ‘ஆதி உழவர் நாமே’ என்று சுவரெழுத்து எழுதுகிற உற்சாகம் எனக்குப் புரிகிறது. ஆனால் மண்ணின் மூத்த ரத்தம் என்கிற வாதத்தில் நான் இல்லை. கம்பு மாலியிலிருந்து வந்தது, நெல்லின் ஒரு பாதி சீனத்திலிருந்து வந்தது, மனிதர்களும் அப்படியே கலந்து வந்தவர்கள். யார் முதலில் என்பதை வைத்து நாம் பாத்தியதை கேட்கவில்லை. இந்த வருஷம், இந்தப் பட்டத்தில் யார் குனிந்து நிற்கிறார் என்பதை வைத்துக் கேட்கிறோம். அதற்கு மரபணுச் சோதனை வேண்டாம், அடங்கல் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு கொல்லைக்குப் போய்ப் பார்த்தால் போதும்.

ஆகவே வட்டத் தோழர்களுக்கு ஒரு வேலை. விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது உங்கள் தெருக்காரர்கள் வாரத்துக்கோ குத்தகைக்கோ பயிர் வைக்கும் நிலங்களை எழுதுங்கள்: சர்வே எண், பட்டா யார் பேரில், உழுவது யார், எத்தனை வருஷமாக. அப்படியே பாட்டிமார் சொல்லும் விதைப் பேர்களையும் எழுதுங்கள், அவர்கள் போய்விட்டால் அவையும் போய்விடும். 1969-இல் வந்த குத்தகை உரிமைப் பதிவேட்டுச் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. வட்டாட்சியர் அலுவலகத்துக்கு மனுக் கொடுத்தால் சாகுபடிதாரராகப் பேர் ஏற வழியுண்டு. பேர் ஏறினால் வங்கியில் என்னைப் போன்றவன் வேறு சொல் எழுதியாக வேண்டும்.

அந்த அக்காவுக்காக அப்படி ஒரு மனு எழுதி வைத்திருக்கிறேன். போன வாரம் படித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, “எல்லாம் சரிதான் தம்பி. இத குடுத்தன்னு தெரிஞ்சா வர்ற பட்டத்துக்கு நெலத்த வேற ஆளுக்கு விட்ருவாரு. அப்பறம் நான் கூலியும் இல்ல” என்றார். மகளிடம் கேட்டுக்கொண்டு ஆடிக்குள் சொல்கிறேன் என்று போயிருக்கிறார். மனு என் மேசை இழுப்பறையில் இருக்கிறது.